குழாயில் முட்டை நாற்றம்

நாற்றம் எப்போது தொடங்கியது என்று சரிதாவுக்குச் சரியாக நினைவில்லை. ஓசூர் வாடகை வீட்டுக் குழாயில் அழுகிய முட்டை நாற்றம். குழந்தைக்கு ஓயாத வயிற்றுவலி.

"டேங்க் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டாச்சும்மா. உன் வூட்டுக்காரரே சொல்லட்டும், கம்பெனியில கெமிக்கலோட நிக்கிற ஆளு," என்றார் வீட்டு ஓனர் மாதேஸ்வரன்.

கணவன் மோகன்குமார் தண்ணீரை முகர்ந்தான். "நல்லாத்தான இருக்கு."

"கேட்டியா? உன் மூக்கைத்தான் மாத்தணும்!" என்று மாதேஸ்வரன் சிரித்தார்.

மறுநாள் சரிதா கடையிலிருந்து திரும்பியபோது வீடெங்கும் கேஸ் நாற்றம். பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. அருகிலேயே மோகன்குமார் குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தான்.

சிலிண்டரை மூடிவிட்டுக் கேட்டாள்: "எத்தனை நாளா இப்படி?"

சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "ரெண்டு வருஷமா எந்த வாசனையும் தெரியல. ஆசிட் தொட்டிப் புகைதான். கம்பெனியில சொன்னா வேலை போயிரும்."

சரிதா விடாமல் வற்புறுத்தித் தோண்டிப் பார்த்ததில், போர்வெல் குழாயின் விரிசலில் சாக்கடை கலந்திருந்தது. மாதேஸ்வரன் குழாயை மாற்றினார். குழந்தை தேறிவிட்டது. மோகன்குமார் இன்னும் அதே ஆசிட் தொட்டியருகில்தான் வேலை பார்க்கிறான்.