காதால் பார்த்த கம்ப்யூட்டர்

"மூச்சு சீரா வருதா, இழுத்து இழுத்து வருதா? ஃபோனைக் கிட்ட கொண்டு போங்க, நான் கேக்கறேன்" என்றார் டாக்டர்.

மறுமுனையில் விர்ரென்று ஒரு சத்தம் எழும்பி, பொசுக்கென்று அடங்கியது. இரண்டு நொடி கழித்து மறுபடி விர்ர்.

"ஃபேன் திக்குது. டிஸ்ப்ளே?"

"வருது, போகுது சார். நாம பாக்கும்போது வருது, திரும்பினா போயிடுது" என்றார் டிவிக்காரர்.

கம்ப்யூட்டர் சர்வீஸ் சென்டரின் தலைமை மெக்கானிக்குக் கடையில் எல்லோரும் வைத்த பெயர்தான் டாக்டர். இருந்த இடத்திலிருந்தே, சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவார். டிவிக்காரர் இருபது வருஷம் டிவி ரிப்பேர் பார்த்துவிட்டு, பத்து நாள் முன்புதான் இங்கே சேர்ந்தவர். முன்மேஜைப் பெண் காலையில் கொடுத்த முகவரிக்கு நேரே போய்விட்டு, இப்போது கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"சார், இந்த வீட்டு அம்மாவுக்குப் பன்னெண்டு மணிக்கு இன்டர்வியூவாம். ஸ்க்ரீன்ல ஏதோ செஞ்சு காட்டணுமாம், ஃபோன் ஒத்து வராதாம். பதினோரு வருஷம் கழிச்சு வேலைக்குப் போகப் போறாங்க."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று பத்து. கையிலிருந்த வேலையை அப்படியே ஒதுக்கிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, பதறாதீங்க. முதல்ல மானிட்டர் ஒயரைக் கழட்டி அழுத்தி மாட்டுங்க. அப்புறம் ராம் மெமரி பட்டையை வெளிய எடுத்து, பென்சில் அழிக்கற ரப்பரால அந்த மஞ்சக் காலைத் தேய்ங்க."

தேய்த்தார். டிஸ்ப்ளே வந்தது. ஐந்து நிமிஷம் நின்றது. செத்தது.

"எத்தனை நாளா இப்படி? அந்தம்மாகிட்ட ஃபோனைக் குடுங்க."

சிறிது நேரம் குசுகுசுவென்று சத்தம். "பேச மாட்டேங்கறாங்க சார். நீங்களே கேட்டுச் சொல்லுங்கன்னு கையை ஆட்டறாங்க. ரெண்டு மாசமா இப்படித்தானாம். வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, ஞாயித்துக்கிழமை பாக்கறேன்னு சொல்றாராம்."

"எந்த வருஷத்து ஞாயித்துக்கிழமைன்னு கேட்டாங்களாமா?" டாக்டர் சிரித்தார். "சரி, ப்ராசஸர் மேல உக்காந்திருக்கற ஃபேனை லேசா ஆட்டிப் பாருங்க."

"ஆடுது சார். ஒரு கால் உடைஞ்சிருக்கு. ஒயர் கட்டற ப்ளாஸ்டிக் டேக்கைப் போட்டு இழுத்துக் கட்டியிருக்காங்க. அதுவும் தொளதொளன்னு இருக்கு."

"எந்தப் புண்ணியவான் கட்டினது?"

மறுபடி குசுகுசு. "வீட்டுக்காரர்தானாம் சார்."

அவசரத்துக்கு டாக்டரும் அப்படிக் கட்டியதுண்டு. ஆனால் அவர் தொழில் தெரிந்து கட்டுகிறவர், அது வேறு.

"அந்த ஆளை நம்பி ஒரு பொம்பளை குடித்தனம் பண்றாங்களே! அந்தக் கட்டை அறுத்து வீசுங்க. உங்க பையில புது ஃபேன் இருக்கும், அதை மாட்டுங்க. நாலு காலும் டக்குன்னு விழணும், அந்தச் சத்தம் எனக்குக் கேக்கணும்."

டக். டக். டக். நான்காவதற்கு டிவிக்காரர் பல்லைக் கடித்தது வரை கேட்டது. டக்.

விர்ர்ர் என்று ஃபேன் ஒரே சீராக ஓடியது. பதினொன்று ஐம்பதுக்கு டிஸ்ப்ளே ஆடாமல் அசையாமல் நின்றது.

"கிளம்பட்டுமா சார்?"

"கிளம்பிடாதீங்க! நடுவுல நின்னுட்டா அந்தம்மா என்ன பண்ணுவாங்க? பெட்டியோட பக்க மூடியை மாட்டாம, இன்டர்வியூ முடியற வரைக்கும் அங்கேயே உக்காருங்க. அடுத்த வீட்டுக்கு நான் ஆள் அனுப்பறேன்."

அப்புறம் டாக்டருக்கு வேலையே ஓடவில்லை. முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்காக மனசு அடித்துக்கொண்டது. இரண்டு தரம் ஃபோனை எடுத்துப் பார்த்து வைத்தார்.

ஒன்றேகாலுக்கு ஃபோன் அடித்தது.

"சார், ஒரு தடவைகூட நிக்கல! அங்கேயே சரின்னுட்டாங்களாம். திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க!"

டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் இதை ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். தன் புருஷனின் அருமை அவளுக்கும் கொஞ்சம் தெரியட்டும்.

"சார், அம்மா இப்ப பேசறேங்கறாங்க. குடுக்கறேன்."

டாக்டர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "வணக்கம்மா, ரொம்ப சந்தோஷம். நன்றியெல்லாம் வேண்டாம், இது எங்க கடமை."

"சாப்பாட்டு டப்பாவை மேஜை மேலேயே மறந்துட்டுப் போயிட்டீங்க, இவர்கிட்டயே குடுத்தனுப்பறேங்க."