நேராக வராத கோடு

பிஸ்கட் மேல் ஐசிங் பிழியக் கற்றுத்தரும் தொடக்க வகுப்பில் மூன்றாவது முறையாகச் சேர்ந்திருந்தார் பெரியவர். அவர் போட்ட கோட்டைப் பாம்பு பார்த்தால் சொந்தம் கொண்டாடும்.

"ஐசிங் பையை மேலேருந்து அழுத்துங்க சார்," என்று ஆசிரியை அவர் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினாள். பிடித்திருந்த வரை கோடு நேராக வந்தது. விட்டதும் நெளிந்தது.

"உங்களோட சேந்தவங்க எல்லாம் கேக்குக்கே போயிட்டாங்க தாத்தா," என்று சிரித்தாள் பக்கத்து மேசைப் பெண்.

"எனக்கு மண்டையில ஏறலம்மா."

வகுப்பு கலைந்ததும் ஆசிரியை அவர் தட்டை எடுத்துக் குப்பைத்தொட்டியில் கவிழ்த்தாள்.

"நாப்பது வருஷம் வீட்டு பிளான் வரைஞ்ச கைக்கு ஒரு கோடு வராதா? என் கல்யாணத்தன்னிக்கு வாசல்ல என் கையை உதறிட்டு, இப்ப பிடிச்சுவிடச் சொல்லி வர்றீங்களா? இனிமே வராதீங்க, அப்பா."

ஆறு வருடம் கழித்து மகள் அவரை அப்பா என்று கூப்பிட்டதே அந்த வாக்கியத்தில்தான்.