கழுத்து மட்டும் பாக்கி

சோபாவில் பின்னல் ஊசியும் டிவி ரிமோட்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. ஜெசிந்தா சீரியல் பார்த்துக்கொண்டேதான் புருஷனுக்கு ஸ்வெட்டர் பின்னுவாள். வலது கையைப் பின்னும்போது சீரியலில் கல்யாணம். பின்னல் தளர்வாக வந்தது. இடது கைக்கு வந்தபோது வில்லி நுழைந்துவிட்டாள். பின்னல் இறுகிப்போனது.

போட்டுப் பார்த்த புருஷனுக்கு இடது கை பாதியிலேயே மாட்டிக்கொண்டது.

"நீங்க குண்டாயிட்டீங்க," என்றாள் ஜெசிந்தா.

"இடது கை மட்டுமா?"

"அங்கேருந்துதான் ஆரம்பிக்கும்."

அவர், அவள் அன்று சுட்ட கேக்கைத் தள்ளிவைத்தார். அதையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அவள் ஊசியை எடுத்தாள்.

"உண்மையைச் சொல்லிடலாமா?" என்றது ஊசி.

"சொன்னா டிவியை நிறுத்திடுவாங்க. என் பொழப்பு போயிடும்," என்றது ரிமோட்.

"சரி, கழுத்து மட்டும்தான் பாக்கி. இன்னிக்குச் சீரியல்ல யாரு?"

"வில்லிதான்."