காத்து எப்படி?

“மறுபடியும் அந்தப் பொண்ணுதான் பாய்,” என்றான் தியாகேசன்.

நூர் அகமது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தார். அன்று காலையில்தான் தியாகேசன் அந்தக் கண்காணிப்பை அமைத்து முடித்திருந்தான். எங்கோ கிளவுடில் கிடக்கும் அவர்களுடைய டேட்டாபேஸை எந்தக் கேள்வி திணறடிக்கிறது, கேட்பது யார் என்று அது நம்பருக்குரிய பேரோடு காட்டிவிடும்.

“ஆப் மக்கர் பண்றப்பல்லாம் எழுதுனவன் சரியில்லன்னு இத்தன நாளா உன்னையத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். மனசுல வச்சுக்காத,” என்றார் பாய். “யாரு இது? பாரதிப்ரியா, கிளிஞ்சல்மேடு. காத்து எப்படின்னு இத்தன தரம் கேக்குதே, காத்தாடி விடப் போவுதா?”

“கடலுக்குப் போயி காணாமப் போன போட்டு இருக்குல்ல பாய், மணிவேலோடது? அவரு சம்சாரம்.”

பாய் சிரிப்பை நிறுத்தினார்.

கடலோர மீனவர்களுக்காக அவர்கள் நடத்தும் செயலி அது. ‘காத்து எப்படி?’ என்று ஒரே ஒரு பெரிய பொத்தான். அழுத்தினால் கடலில் காற்றின் வேகமும் அலையின் உயரமும் வரும். பேச முடியாத தூரத்தில் ஒரு புள்ளி சிக்னல் தலைகாட்டினாலும் கேள்வி வந்து சேர்ந்துவிட வேண்டும் என்று, தியாகேசன் அதை இழைத்து இழைத்து எழுதியிருந்தான்.

இப்போது ஒரே நம்பரிலிருந்து அதே கேள்வி விடாமல் வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் ஓயும். பிறகு மூச்சு முட்ட மறுபடி தொடங்கும். கேட்டதற்குப் பதில் போனால் வாங்குவாரில்லை. வாங்காத பதிலோடு இணைப்புகள் ஒவ்வொன்றாகத் தொங்கி நின்று, மற்றவர்களுக்கு நுழைய இடமில்லாமல் போயிற்று.

“பதில வாங்காம எதுக்குக் கேக்குது?”

“கேட்டுக்கிட்டே இருக்கணும் பாய். அவ்வளவுதான்.”

அவனுக்கு அது தெரியும். மனைவி கரீன் இறந்த பிறகு அவள் நம்பரை அவன் அழைத்துக்கொண்டே இருந்தான். ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்று அந்தக் குரல் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிட்டு மறுபடி அழைப்பான். அவனுக்கும் பதில் வேண்டியிருக்கவில்லை.

“தேடப் போன போட்டெல்லாம் வெறுங்கையோட திரும்பிட்டுது,” என்றார் பாய். “விடிஞ்சா மத்தவங்க கடலுக்குப் போவணும். காத்து கேக்க வழியில்லாம போயி இன்னொரு போட்டுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, அந்தப் பாவம் நம்மளத்தான் சேரும். அத நிறுத்தி வையி தம்பி.”

“அவங்களுக்கு இருக்குறது இது ஒண்ணுதான் பாய்.”

“அன்னைக்கு உன் கையிலேருந்து போனை யாரு புடுங்குனா?”

“நீங்கதான்.”

“இப்ப சோறு திங்கிறல்ல?”

தியாகேசன் விசைப்பலகையை இழுத்துக்கொண்டான். அந்த நம்பரைத் தடுத்தான்.

திரையில் குன்றுபோல் நின்ற கோடு சரிந்து தரையோடு படுத்துக்கொண்டது. காலையிலிருந்து அலறிக்கொண்டிருந்த புகார் போனும் அடங்கியது. பாய் டீ வாங்கிவரக் கிளம்பினார்.

சொல்லாமல் செய்தது அவனுக்கு உறுத்தியது. டீக்குக் காத்திராமல் பைக்கை எடுத்துக்கொண்டு கிளிஞ்சல்மேட்டுக்குப் போனான். மணிவேல் வீட்டு வாசலில் துக்கப் பந்தலுக்கான மூங்கில்கள் வந்து இறங்கியிருந்தன. நடச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

பையில் போன் அதிர்ந்தது. பாய் செய்தி அனுப்பியிருந்தார். ‘கோடு அப்படியே படுத்துக் கிடக்கு. அல்ஹம்துலில்லாஹ்.’

பாரதிப்ரியா உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பெண்கள். அவள் கைகள் இரண்டும் மடியில் வெறுமனே கிடந்தன.

“காத்து ஆப்பு ஆபீஸ்லேருந்து வர்றேங்க,” என்று அவன் எதிரே குந்தினான். “உங்க நம்பர நான்தான் நிறுத்தி வச்சேன். கோவிச்சுக்காதீங்க. எம் பொண்டாட்டி செத்தப்ப நானும் இப்படித்தான் அழுத்திக்கிட்டே கெடந்தேன். ஒண்ணும் வராதுங்க. ஒடம்புதான் கெட்டுப்போவும்.”

அவள் மெல்ல நிமிர்ந்தாள். “நான் எதைங்க அழுத்துனேன்?”

“காத்து எப்படின்னு. மத்தியானம் நான் நிறுத்துற வரைக்கும் உங்க பேருலதாங்க வந்துக்கிட்டு இருந்துச்சு.”

பாரதிப்ரியா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“சிம்முதாங்க எம் பேருல வாங்குனது,” என்றாள். “போனு அவருகிட்டல்ல இருக்கு!”