துரைக்குப் பிடிக்காதவள்

கூண்டுக்கு அடியில் பச்சை இறகுகள் உதிர்ந்து கிடந்தன. பட்டறையிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“என்ன பண்ணின அதை?”

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் முகம் தெரிந்ததுதான் தாமதம், கிளி கம்பியைக் கடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தது.

நாளெல்லாம் லேத் மிஷினோடு மல்லாடுகிறவருக்கு அந்தக் கிளிதான் உயிர். கண் திறக்காத குஞ்சிலிருந்து கையில் ஊட்டி வளர்த்து, துரை என்று பெயரும் வைத்தவர். அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் தோளில் ஏறி மீசையைக் கோதும். அவர் தட்டிலிருந்து எடுத்துத்தான் சாப்பிடும். கொஞ்ச நாள் முன்புவரை அவளோடும் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. இப்போதோ அவள் துண்டை எடுத்தாலே நடுங்குகிறது.

“நான் இல்லாத நேரத்துல போட்டு அடிக்கிறியா? அதுக்குப் பேச வருது, நடந்ததைச் சொல்லத்தான் வரலை.”

அவள் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அவர் பிடித்து இழுத்துப் பார்த்தார். விரலெல்லாம் பிளாஸ்திரி.

“சும்மா இருந்தா கொத்துமா? உன் ஆத்திரத்தைக் காட்ட உனக்கு இந்தப் பறவைதான் கிடைச்சுதா?”

அதோடு நிறுத்தினாரா என்றால் இல்லை. வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினார். பிள்ளையில்லாத வீட்டில் பிள்ளையாக வந்ததைக்கூட வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்றார். அதற்கும் அவள் வாய் திறக்கவில்லை. அந்த மௌனமே அவருக்குச் சாட்சியாகப் போய்விட்டது.

“டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போறேன். ஒரு காயம் இருக்குன்னு அவங்க சொல்லட்டும், இன்னைக்கே நீ உன் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிடணும்.”

“டாக்டர்கிட்டயா? வேணாங்க...”

“பயமா இருக்கோ?”

கூண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பறவை டாக்டர் துரையைப் பிடித்து இறகை விரித்துப் பார்த்தார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து மூச்சை நிதானமாகக் கவனித்தார்.

“காயம் எங்க இருக்கு டாக்டர்?”

“காயமா? ஒண்ணுமே இல்லையே. நெஞ்சுகூட சுத்தமாயிடுச்சு. இது பிழைக்கும்னே நான் நினைக்கலை.”

அவர் ஒன்றும் புரியாமல் விழித்தார்.

“இது துரைதானே? உங்க வீட்டம்மாதான் கொண்டு வந்தாங்க. நுரையீரல்ல பூஞ்சை. அந்த மருந்து கொடுமையான கசப்பு. காலைலயும் சாயங்காலமும் துண்டுல சுத்தி அமுக்கிப் பிடிச்சு, அலகைத் திறந்து ஊத்தணும். இறகு உதிரும், கொத்தும். குடுக்கிற ஆளைக் கிளி லேசுல மன்னிக்காது.”

“இதை ஏன் எங்கிட்ட மறைக்கணும்?” அவர் குரலில் கோபம் இன்னும் மிச்சமிருந்தது.

“ரொம்பப் பழகின ஆள் பிடிச்சா சுலபம், உங்களைக் கூட்டிட்டு வாங்கன்னு நானும் எவ்வளவோ சொன்னேன். அவங்க கேக்கலை. ‘வேலை முடிஞ்சு வர்ற மனுஷனுக்கு இது ஒண்ணுதான் சந்தோஷம். இதுவும் அவரைப் பார்த்துக் கத்திடக் கூடாது டாக்டர். இது வெறுக்கிறதுக்கு நான் ஒருத்தி போதும்’னு சொல்லிட்டாங்க.”