வீங்கிய டான்சில்

எச்சில்கூட விழுங்க முடியாமல் படுத்திருந்த சவேரியம்மாளின் தொண்டைக்குள், டான்சிலைப் படம் பிடிக்க டாக்டரின் கருவியிலிருந்து ஓர் ஒளிக்கதிர் இறங்கியது.

பக்கத்துத் தட்டில் கிடந்த அறுவைக் கத்தி, "பார்க்க என்ன இருக்கிறது? வீங்கினால் வெட்ட வேண்டியதுதானே!" என்றது.

அதைக் கேட்டு டான்சில் நடுங்கியது. படம் கலைந்தது. ஒளி முதலிலிருந்து தொடங்கியது. கத்தி மறுபடி கத்தியது. டான்சில் மறுபடி நடுங்கியது.

மூன்றாம் முறை ஒளிக்குப் பொறுமை போய்விட்டது. "நீ வாயை மூடு! நீ ஆடாமல் இரு!" என்று இரண்டையும் அதட்டியது. பிறகு சதைக்குள் அடுக்கடுக்காக இறங்கித் தேடியது. ஒரு குழிக்குள் மீன்முள் குத்தி நின்றது.

டாக்டர் அதை இடுக்கியால் எடுத்துவிட்டார். டான்சிலுக்கு உயிர் வந்தது.

ஒளி கத்தியைத் திரும்பிப் பார்த்தது. அது அடுத்த கட்டில்காரரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"இவருக்கும் வீக்கம்தான். வெட்டிவிடலாமா?"

தலையில் அடித்துக்கொள்ள ஒளிக்குக் கைதான் இல்லை.