கிதியோனோடு போனவர்கள்

"யாரு?"

"பெரியவன்தாம்பா."

கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா கையை நீட்டினார். மகன் நீல வேலைச் சட்டையின் கையை இன்னொரு மடிப்பு மடித்து விட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டான். சட்டையிலிருந்து வந்த மெஷின் ஆயில் வாசனையை அப்பா மூச்சு நிறைய வாங்கிக்கொண்டார். சர்க்கரை வியாதி அவர் கண் இரண்டையும் எடுத்துக்கொண்டு மூன்று வருஷமாகிறது. மூக்கும் காதும் மட்டும் இன்னும் வேலையை விடவில்லை.

"பட்டறையிலேர்ந்து நேரா வர்றியா?"

"ஆமாம்பா."

முதியோர் இல்லத்தின் பதினோராம் நம்பர் அறையில் சனிக்கிழமை சாயங்காலம் என்றால் கதை நேரம். ஊரில் அப்பாதான் மகனுக்குக் கதை சொல்வார், இங்கே தலைகீழ். அப்பா பழைய ஏற்பாட்டிலிருந்து ஒரு பெயரைச் சொல்வார். புத்தகத்தைப் பார்க்காமல் மகன் அந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

பெரியவன் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து இந்த விளையாட்டு நடக்கிறது. சின்னவனுக்கு வேதப் புத்தகத்தைக் கண்டாலே ஆகாது. பந்தை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவிடுவான். இப்போதெல்லாம் மகன் வாரம் முழுக்க பஸ்ஸில் படித்துவிட்டுத்தான் இங்கே வருகிறான். பரீட்சைக்குப் போகிறவன் கெட்டான்.

"மோசே."

ஆற்றில் மிதந்த கூடை, எரிகிற முட்செடி, பிளந்த கடல் என்று ஒன்று விடாமல் சொன்னான். "கடைசியில அந்த நாட்டை மலை மேலேர்ந்து பார்க்கத்தான் கொடுத்து வச்சிருந்துது. கால் வைக்க முடியலை."

"பாவம். அடுத்தது கிதியோன்."

"சண்டைக்கு முப்பத்திரண்டாயிரம் பேர் வந்தாங்க. பயப்படறவங்க போகலாம்னதும் இருபத்திரண்டாயிரம் பேர் நடையைக் கட்டிட்டாங்க. மிச்சம் இருந்தவங்கள்ல, தண்ணியைக் கையால அள்ளி நக்கிக் குடிச்சவங்களை மட்டும்தான் கிதியோன் கூட்டிட்டுப் போனான்."

"எத்தனை பேரு?"

"முந்நூறு பேருப்பா."

அப்பா போர்வை நுனியை விரலில் சுற்றினார், பிரித்தார். "முந்நூறு. சரியாச் சொன்னே."

பாராட்டு ஆறுவதற்குள் மகன் தன் வழக்கமான வேலையை ஆரம்பித்தான். "அப்பா, சின்னவன் உங்களை விசாரிச்சான்."

"எவன்? அம்மாவை அடக்கம் பண்ணின மறுநாள் வந்து நின்னானே, அவனா?"

"மருந்துக்கடையில அன்னிக்கு அவன் ஒருத்தன்தாம்பா. லீவு கொடுக்கலை."

"வெத்துவேட்டு! பெத்தவ முகத்தைப் பார்க்கக்கூட லீவா?"

"அதான் வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டீங்களே. ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. பிரியமா எதுவும் வேண்டாம், வாடான்னு சொன்னாலே போதும்."

அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இந்தக் காக்கைக்கு இரண்டில் ஒன்று மட்டும்தான் பொன். வாராவாரம் மகன் அந்த ஒரு வார்த்தைக்காக மன்றாடுவதும், வெறுங்கையோடு திரும்புவதும் வாடிக்கையாகிவிட்டது.

"கதையைச் சொல்லு," என்றார் அப்பா. "யாக்கோபு."

மகன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஈசாக்குக்கு வயசாகி கண்ணு தெரியாமப் போச்சு. பெரிய மகன் ஏசாவை ஆசீர்வதிக்கணும்னு ஆசைப்பட்டார். அப்ப சின்னவன் யாக்கோபு, அண்ணனோட சட்டையை எடுத்துப் போட்டுக்கிட்டு..."

"ம்."

"உள்ளே போயி... நான்தான் பெரியவன்னு..."

"ஏன் நிறுத்திட்டே? சொல்லு."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. கட்டில் ஓரத்தில் தலையை வைத்து அழுதான். "அப்பா, நான் சின்னவம்பா. அண்ணன் போயிட்டான். நாலு மாசமாச்சு. பட்டறையிலேயே நெஞ்சு வலி. உங்க இதயம் தாங்காதுன்னு டாக்டர் சொன்னாரு, அதான்..."

அப்பா அலறுவார் என்று காத்திருந்தான். கன்னத்தில் ஒன்று விட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பான்.

"தெரியும்," என்றார் அப்பா.

"யாருப்பா சொன்னாங்க?"

"நீதான் சொன்னே. உங்க ரெண்டு பேருக்கும் ஒரே குரல், உங்கம்மாவே போன்ல ஏமாறுவா. ஆனா பெரியவன் சின்ன வயசிலேர்ந்து கிதியோனோட மூவாயிரம் பேர் போனாங்கன்னுதான் சொல்லுவான். கேக்க நல்லாருக்கும், நானும் திருத்தினதில்லை. நீ வந்த முதல் வாரமே முந்நூறுன்னே." அப்பா போர்வை நுனியை மறுபடி விரலில் சுற்றினார். "அவன் இருந்தா, நீ ஏன்டா அவன் சட்டையைப் போட்டுக்கிட்டு வரப்போறே? ஒரு தடவையாவது தப்பாச் சொல்ல மாட்டியான்னு வாராவாரம் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

நாலு மாசம் இந்த அறையில் தனியாக, யாருக்கும் தெரியாமல் துக்கம் காத்திருக்கிறார் மனுஷன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக நினைத்திருந்த மகனுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. இனி ஒளிக்க ஒன்றுமில்லை. எல்லாம் தெரிந்துதானே இவ்வளவு நாளும் தன்னைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்?

"அப்பா," என்றான். "அப்ப இனிமே நான்... நானாவே வரலாமா?"

அப்பா கையை நீட்டினார். அவன் தலையைத் தொடுவார் என்று குனிந்தான். விரல்கள் மடித்த சட்டைக் கையைத் தேடிப் பிடித்து, மெல்லத் தடவிக் கொடுத்தன.

"இதைத் துவைச்சுடாதே," என்றார். "கிதியோனுக்கு மூவாயிரம், ஞாபகம் வச்சுக்கோ."

"அப்பா..."

"அடுத்த வாரமும் பெரியவனாவே வாடா."